குச்சியில் போட்ட பிளான்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை என் அக்கா வீட்டிலிருந்து சுட்டேன். அத்தான் தச்சர். ஊருக்கு வெளியே குடியிருப்பு மனையில் வீடு, முன்னறைதான் பட்டறை. மரத்தூள் அக்காவின் நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல். பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டே ஆகவேண்டும். அதற்கு அனுமதி வேண்டும்.

2.

முதல் வரைவு: 'அதிகாரி மேசைக்கடியில் கையை நீட்டி—'

(அடித்துவிட்டேன். நீங்கள் எதிர்பார்ப்பது அதுதான், நடந்தது அதுவல்ல.)

கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் வரைபடம் கேட்டார்கள். அத்தானுக்குக் காகிதம் ஆகாது. அலமாரியோ கதவோ, அளவையெல்லாம் ஒரு குச்சியில் கோடு கிழித்து வைத்துக்கொள்வார். கொட்டகைக்கும் அப்படியே, அடிக்கு ஓர் அங்குலமாகக் கிழித்து எடுத்துப்போய் அங்கிருந்த பெண் அதிகாரியிடம் நீட்டினார்.

"பிளான், மேடம்."

"இத எந்த ஃபைல்லண்ணே சொருகுறது?"

3.

சிரித்தாரே தவிர, அந்த அம்மாள் விரட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, குச்சியைப் பார்த்துத் தானே காகிதத்தில் வரைந்தார்.*

"சுவர் பக்கத்து வீட்டு எல்லைய ஒட்டி நிக்குது. உள்ள தள்ளணும்ணே."

"தள்ளினா படுக்கையறை ஜன்னலுக்கு நேரா வந்துரும் மேடம். தூள் மறுபடியும் அவளுக்குத்தான்."

(இங்கே 'விதி விதிதான்' என்று ஒரு வசனம் வைத்திருந்தேன். பொய் நாறியது.)

அவர் கொட்டகையை மட்டும் அட்டையில் வெட்டி, படத்தின் மேல் வைத்துத் திருப்பினார்.

"பின்வேலியோரமா, கொஞ்சம் இடம் விட்டு, நீளவாக்குல போடுங்க. எல்லையும் தப்பிச்சுது, ஜன்னலும் தப்பிச்சுது."

அனுமதி வந்தது.

*நல்ல அதிகாரியை நம்பவைப்பதைவிடப் பேயை நம்பவைப்பது சுலபம்.

4.

ஒரு முடிவு: அத்தான் அந்த அம்மாளுக்கு நாற்காலி ஒன்று செய்து சுமந்துபோனார். "வாங்கினா என் வேலை போயிடும்ணே!" திரும்பச் சுமந்துவந்தார். சிரிப்போடு இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அக்கா முடிக்க விடவில்லை.

கொட்டகை எழும்பிச் சில மாதம் கழித்து, மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். மேசைமுன் நின்றாள்.

"தச்சர் வீட்டுக்காரிம்மா. படியேறித்தான் வந்தேன். நடுவுல எங்கயும் நிக்கல. இத உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று அக்கா இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால் சிரிக்கிறாள், இருமாமல். நானே எழுதிப் பார்த்தேன்: 'அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு—' அதற்குமேல் கை ஓடவில்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாளை மட்டும் கெட்டவராக்கிவிடாதீர்கள்.