பச்சை பெல்ட்டுக்கு ஒரு பக்கிள்

சரவணம்பட்டியில் அரங்கசாமியின் கிரில் பட்டறைக் கதவில் 'வெல்டர் தேவை' என்று ஒரு தகரப் பலகை தொங்கியது. தொண்ணூற்று நாலாம் வருடம், ஆவணி மாதம். பலகையை எழுதியவள் காளியாத்தாள். முதலாளி சொல்லச் சொல்ல, மிச்சமிருந்த ரெட் ஆக்சைடு பெயிண்ட்டில் எழுதினாள். அந்த வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி முந்தின வாரம்தான் அவள் கேட்டிருந்தாள்.

"சேலையக் கட்டீட்டு நெருப்புகிட்ட உக்காருவியா அம்மணி? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்கூட்டுக்காரனுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்" என்றுவிட்டார் அரங்கசாமி.

திங்கட்கிழமை அந்த வேலைக்குச் சென்னிமலையிலிருந்து ஓர் ஆள் வருகிறான். இன்று வெள்ளி.

நாலு வருடமாக அவள் வேலை கசடு தட்டுவது. பட்டறையின் ஒரே வெல்டர் ரசாக் ஒட்டிய இடத்தில் கறுப்பாகப் படிவதைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, பெயிண்ட் அடிப்பாள். ஒட்டு நன்றாக விழுந்திருந்தால் கசடு தோல் உரிவதுபோல் எழும்பி வரும். மோசமான ஒட்டில் கடித்துக்கொண்டு நிற்கும். ரசாக்குக்கு எந்த நாளில் தலைவலி என்பதைச் சுத்தியலே அவளுக்குச் சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் ரசாக் தொழுகைக்குப் போவான். முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் காளியாத்தாள், ரசாக் ஒட்டி மீந்து எறிந்த வெல்டிங் ராடு துண்டுகளைப் பொறுக்கிப் பழைய கம்பிகளில் ஒட்டிப் பழகினாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் துண்டுகள் கொஞ்சம் நீளமாகவே கிடக்கும். அவள் ஏனென்று கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அன்று முதலாளி பாதிச் சாப்பாட்டில் திரும்பி வந்துவிட்டார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்திருந்தார். மறு கையில் அகலமான பச்சை பெல்ட். அதன் பக்கிள் இரண்டாக உடைந்திருந்தது.

"ரசாக் எங்க?"

"தொழுகைக்குங்க. வர ரெண்டு மணி ஆகுமுங்க."

"ரெண்டு மணிக்குத்தான் மில்லுக்காரங்க வாராங்க. ஷெட்டு ஆர்டரு. இடுப்பப் புடிச்சுட்டே வெல பேசறதா?"

பெல்ட் இல்லாமல் அவர் விலை பேசியதில்லை. கட்டைவிரல் இரண்டையும் பெல்ட்டுக்குள் செருகிவிட்டால் அதுதான் கடைசிச் சொல். பிறகு யார் சொன்னாலும் இறங்க மாட்டார்.

மூலையில் வெல்டிங் செட் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார்.

"ஆளில்லாத நேரத்துல செட்டு எதுக்கு ஓடுது?"

காளியாத்தாள் கையிலிருந்த, ராடு மாட்டிய ஹோல்டரை மறைக்கவில்லை.

அவர் உடைந்த பக்கிளை நீட்டினார். "ஒட்டு, பாக்கலாம்."

"இது ஒட்டாதுங்க. வார்ப்பு. சூடு பட்டா வழிஞ்சிருமுங்க."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லோணும்."

அவள் அதைக் கீழே வைத்து ராடால் தொட்டாள். பக்கிள் ஒரு சொட்டாகித் தரையில் உருண்டது. அரங்கசாமி அந்தச் சொட்டையே பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் வெல்டர்தான்.

"சரி. இப்ப என்ன பண்றது?"

"கம்பீல புதுசாச் செஞ்சுபோடலாமுங்க."

குப்பையிலிருந்து ஒரு சாண் கம்பியை எடுத்தாள். வைஸின் தாடையில் இறுக்கிப் பிடித்து நாலு இடத்தில் மடக்கிச் சட்டமாக்கினாள். சேலைக்கு மேல் வீட்டுக்காரனின் காக்கிச் சட்டையை மாட்டி, முந்தானையை உள்ளே செருகினாள். செட்டின் கைப்பிடியைச் சுற்றிக் கரண்டைக் குறைத்தாள். கதவுக்கு வைக்கிற கரண்டில் இந்தக் கம்பி உருகிப்போகும்.

கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். அரங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளிச்சம் இரண்டு முறை சுவரில் அடித்து நின்றது.

தட்டினாள். கசடு உடையாமல் ஒரே துண்டாக விழுந்தது. அவர் குனிந்து அதை எடுக்கப் போனார்.

"சுடுமுங்க."

"எனக்கே சொல்றயா" என்றார். ஆனால் கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்தது பெல்ட் துளையில் மாட்டுகிற முள். சின்னக் கம்பியின் நுனியைச் சட்டத்தில் வளைத்துச் சுற்றினாள். வளையம் பிரியாமலிருக்க அங்கேயும் பொட்டளவு ஒட்டு வைத்தாள். வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து நீட்டினாள்.

அரங்கசாமி முள்ளைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. சட்டத்தோடு ஒட்டிப் போயிருந்தது.

"ஏனம்மணி, இது ஜன்னலா? முள்ளு ஆட வேண்டாமா?"

இதுவரை அவள் ஒட்டிப் பழகியதெல்லாம் அசையக் கூடாதவை. கடிகாரத்தில் ஒன்றே முக்கால். முள்ளை ரம்பத்தால் அறுத்தெடுத்தாள். அரத்தால் சட்டத்தை வழவழப்பாக்கினாள். வேறொரு துண்டை எடுத்தாள். இந்த முறை நெருப்பு வைக்கவில்லை. வளையத்தைக் கட்டிங் பிளேயரால் நெருக்கிவிட்டு நிறுத்தினாள்.

விரலால் சுண்டினாள். முள் ஆடியது.

பெல்ட் முனையைச் சட்டத்தில் மடித்து இரண்டு சின்ன போல்ட் போட்டு முடுக்கினாள். அவர் கட்டி, இழுத்துப் பார்த்து, வயிற்றை உப்பிப் பார்த்தார். பக்கிள் நின்றது. வாசலில் கார் ஹாரன் கேட்டது.

ரசாக் வந்தபோது முதலாளி ஆபீஸ் அறையில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பக்கிள் தெரிந்தது.

"யாருக்கா போட்டது?"

"நாந்தானுங்க பாய்."

"கசடு?"

"ஒரே துண்டா வந்துச்சுங்க."

ரசாக் தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை மடித்துப் பையில் வைத்தான்.

மில்லுக்காரர்கள் போன பிறகு அரங்கசாமி பட்டறைக்குள் வந்தார்.

"ஷெட்டு நமக்குத்தான். ரெண்டு பேரு ஒட்டுனாத்தான் தீவாளிக்குள்ள முடியும்." ரசாக்கைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அந்தப் பாதில கெடக்கற ஜன்னல நீ ஒட்டு. பூட்ஸ் நாளைக்கு வாங்கிக்கலாம். திங்கக்கெழம வர்றவன் கசடு தட்டட்டும்."

"வெல்டரு கசடு தட்ட வருவானுங்களா?" என்றான் ரசாக்.

"வராட்டிப் போறான்."

கட்டைவிரல் இரண்டும் பெல்ட்டுக்குள் இருந்தன.

காளியாத்தாள் ஜன்னலின் முன் உட்கார்ந்தாள். ரசாக் ஒரு முழு ராடை எடுத்துக் கொடுத்தான். முழு ராடு அவள் கைக்கு நீளமாக இருந்தது. முதலில் நுனி ஆடியது. பிறகு நிதானத்துக்கு வந்தது. ஒரு மூலையை முடித்து ஷீல்டை இறக்கினாள். கசடு தட்டப் பழக்கத்தில் கை சுத்தியலைத் தேடியது.

சுத்தியல் ரசாக்கின் கையில் இருந்தது.