கூடை தூக்கிவிடுகிறவன்

“சாவு வீட்டுல சாமி சிரிச்சுக்கிட்டு நிக்கலாமா, அண்ணி?” என்றபடி சபாபதி முருகன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அடுத்து அம்மன். அதே வேகத்தில், கண்ணாடியில் குங்குமம் வைத்திருந்த மூன்றாவது படத்தையும் திருப்பிவிட்டான்.

“ஐயோ, அது சாமியில்ல தம்பி!” ராஜம்மா பதறிப்போனாள்.

அவள் புருஷன் ஐயாசாமி கோடி வேட்டியில் கிடந்தார். மெர்சிங் கடற்கரைப் பங்களாவில் இருபது வருஷம் குசினி வேலை பார்த்த மனுஷன். மூன்று நாள் காய்ச்சல், விடியற்காலையில் எல்லாம் முடிந்துபோனது. அந்த மூன்றாவது படம் அவர் சமையலில் சொக்கிப்போன ஒல்லாந்துத் துரை ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. மணலில் ஏறிக் கிடக்கும் படகு, வெள்ளைக் குல்லாய் போட்ட மீன்காரிகள். ஒருத்தி குனிந்திருக்க, ஒருவன் அவள் முதுகில் கூடையைத் தூக்கிவிடுகிறான். ஆயுத பூசைக்கு அம்மிக்கும் அடுப்புக்கும் பொட்டு வைத்த கையோடு இதற்கும் ஒன்று வைத்துவிடுவார்.

“பாரு, வெள்ளைக்காரிச்சிங்களே மீன் விக்கிறாங்க. நம்ம ரோட்டு வேலைக்காரங்க லயத்து சனங்க நல்ல மீனுக்கு ஆலாப் பறக்குறாங்க. நீ வித்துட்டு வா, நான் கூடை தூக்கி விடுறேன்,” என்பார்.

“ஆமா, அது ஒண்ணுதான் எனக்குக் குறைச்சல்!” என்று ஒவ்வொரு தடவையும் அவர் வாயை அடைத்திருக்கிறாள். வெட்கம். பாழாய்ப்போன வெட்கம். அதை நினைத்து இப்போது மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“பதினாறு முடிஞ்சதும் தங்காக் தோட்டத்துக்கு எங்களோட வந்துடுங்க அண்ணி,” என்றான் சபாபதி. நல்ல பிள்ளைதான், அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவன். ஆனால் இவரை இங்கே மண்ணில் வைத்துவிட்டு, இன்னொருத்தி அடுப்படியில் காலத்துக்கும் தட்டேந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

ராஜம்மா எழுந்துபோய் அந்த ஒரு படத்தை மட்டும் நேராகத் திருப்பி வைத்தாள். கூடியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வீட்டுக்கார மலாய்க்காரி மக் மினா மட்டும் படத்தையும் பார்த்தாள், ராஜம்மாவையும் பார்த்தாள். அவள் புருஷன் மீன்பிடிப் படகுக்காரன்.

பதினாறு முடிந்த மறுநாள் காலை, ராஜம்மாவின் தகரப் பெட்டியைச் சுமந்துகொண்டு சபாபதி கடற்கரையெல்லாம் தேடி வந்தான். அண்ணி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். மக் மினாவின் புருஷன் படகிலிருந்து கொடுக்கக் கொடுக்க, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

“என்ன அண்ணி இது! நாலு பேரு என்ன பேசுவாங்க? லாரி வந்துடும்லா!”

“நீங்க போயிட்டு வாங்க தம்பி. லயத்துல சொல்லி வச்சிருக்கேன், சனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.” நிறைந்த கூடையைக் கரைக்கு இழுத்து வந்து, சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். “வெயில் ஏறுனா மீன் கெட்டுடும். ஒரு கை குடுங்க.”

சபாபதி கடலைப் பார்த்தான், லாரி வரும் பாதையைப் பார்த்தான். பெட்டியை மணலில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். மீன் தண்ணீர் அவன் புதுச் சட்டையெல்லாம் ஒழுகியது.