டெல்மர் ஹேக்கட்டின் புதைமேடுகள்

டெல்மர் ஹேக்கட் படப்பிடிப்பில் செத்தால், மறுநாள் காலை அவன் வீட்டுப் பின்தோட்டத்தில் ஒரு புதைமேடு எழும்பியிருக்கும். சரியாக அவன் நீளம். முதல் மேடு 1938 வசந்தத்தில் வந்தது; முந்தின நாள்தான் அவன் வங்கிக் கொள்ளைக்காரனாகக் குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து விழுந்திருந்தான். பக்கத்து வீட்டு புரூயிட் அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பெருச்சாளி வேலைதான், விஷம் வையுங்க," என்றாள். தோண்டிப் பார்த்ததில் வெடிமருந்து வாசனையைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

அப்போது ஹாலிவுட்டை அடுத்த பர்பாங்க் ஊர் ஸ்டூடியோக்களில் கௌபாய் படங்களுக்குக் குறைவில்லை. டெல்மருக்கு மோவாயில் ஒரு தழும்பு, பார்வையில் ஒரு கள்ளம். கெட்டவன் வேடமே வாய்த்தது. மதுக்கடைப் படிக்கட்டில் உருண்டும், குதிரைத் தொட்டியில் கவிழ்ந்தும், தூக்குக் கயிற்றில் ஆடியும் அவன் சாகிற அழகுக்கு ஈடில்லை என்றார்கள். மேடுகள் பெருகித் தோட்டத்தில் தக்காளிப் பாத்தி போயிற்று. மகள் ரோவினாவின் ஊஞ்சல் போயிற்று. மனைவி வெர்னா மேடுகளில் ஏறி இறங்கித் துணி உலர்த்தினாள். 1955இல் ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து ஷெரீப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி, வேடம் தேடி வந்தது. வாராவாரம் வருவான், சாகவே மாட்டான்.

"ஒத்துக்கோ டெல். எத்தனை தடவைதான் நான் விதவை ஆகுறது?"

"நாற்காலியில உட்கார்ந்து நியாயம் பேச நான் எதுக்கு? விழறதுக்கு என்னை விட்டா இந்த ஊர்ல யார் இருக்கா?"

"அப்ப விழுந்துக்கிட்டே இரு," என்ற வெர்னா, மகளைக் கூட்டிக்கொண்டு ஃபிரெஸ்னோவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஷெரீப் வேடம் வேறொருவனுக்குப் போனது; அந்தச் சம்பாத்தியத்தில் அவன் பணக்காரர்கள் வாழும் மலைமேல் வீடு வாங்கினான். ரோவினாவின் திருமணத்தன்று டெல்மர் யூட்டா பாலைவனத்தில் முதுகில் குண்டு வாங்கிக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் படங்களே அருகிப்போயின. வந்த ஒன்றிரண்டிலும் ஆட்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். தனி ஒருவன் எப்படி விழுகிறான் என்று யாரும் கவனிக்கவில்லை.

1972இல் ஒரு தொடரில் குதிரைலாயம் பார்க்கும் கிழவன் வேடம் கிடைத்தது. அவன் கடைசிவரை சாகவில்லை. தோட்டத்திலும் புது மேடு எழவில்லை. ஒளிபரப்பான மறுநாள் காலை டெல்மர் ஃபிரெஸ்னோவுக்குத் தொலைபேசினான்.

"பார்த்தியா வெர்னா? நான் சாகல."

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"உள்ளதைச் சொல்லட்டுமா? உயிரோட இருக்கிற மாதிரி நடிக்க உனக்கு வரல, டெல்."

அவன் பேரப்பிள்ளைகளை விசாரித்தான், பெயர்களை மாற்றிச் சொன்னான், அவள் திருத்தினாள். அன்று சனிக்கிழமை. தெருவெங்கும் புல்வெட்டும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அவனும் தன்னுடையதை வெளியே தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு மேடாக ஏற்றி இறக்கிப் புல் வெட்டத் தொடங்கினான்.