அறுபதில் இரண்டு கழி

சாமிக்கண்ணு எதையும் உட்கார்ந்துதான் பேசுவார். அன்றைக்கு நின்றுகொண்டே கொளஞ்சியைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வா. இதப் பாரு."

லாசுப்பேட்டைக்குப் போகவேண்டிய சாரக் கழிகள் மினி லாரியில் பாதி ஏறியிருந்தன. அதிலிருந்து இரண்டு சவுக்குக் கழிகளை உருவி மண்ணில் போட்டிருந்தார் சாமிக்கண்ணு. இரண்டும் ஒல்லி. தோல் உரிந்த இடத்தில் பச்சை மரத்தின் வெளுப்பு இன்னும் போகவில்லை.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டை ஒட்டி இருந்தது அவர்கள் கடை. கட்டட வேலைக்குச் சாரக் கழி, முட்டு, பலகை, கயிறு எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. சுனாமி வந்துபோய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் கட்டட வேலை, கழிக்கு அப்படியொரு கிராக்கி. ஒரு கடைக் கழி இன்னொரு கடைக் கழியோடு கலந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு நிறம் வைத்திருந்தார்கள். சாமிக்கண்ணு கடைக்குப் பச்சைப் பெயிண்ட். அடியிலிருந்து ஒரு சாண் மேலே, சுற்றிவர ஒரு பட்டை. நுனியில் போடுவதில்லை. நுனி பிளந்தால் அறுத்து எறியவேண்டி வரும், பட்டையும் அதோடு போய்விடும். பத்து வருஷமாக அந்தக் கடையில் எல்லாக் கழிக்கும் பட்டை அடித்தவர் கொளஞ்சிதான்.

மண்ணில் கிடந்த இரண்டுக்கும் பட்டை நுனியில் இருந்தது.

"போன வாரம் நிர்மலா டீச்சர் வூட்லேர்ந்து அறுபது கழி திரும்பி வந்துச்சே, அதுல இருந்ததுய்யா இது. சீட்டுல 'அறுபது சரி'ன்னு எழுதி கீழ யாரு கையெழுத்து?"

"என்துதான் மொதலாளி."

"பாத்துதான் போட்டியா?"

பார்க்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது, டீச்சர் நல்ல மாதிரி, போட்டுவிட்டார்.

"இந்தக் காயாத பச்சக் கழி மேல ஆள் ஏறி, ஒடிஞ்சி விழுந்தா யாரு பதில் சொல்றது? நம்ம முத்தின கழி ரெண்டு எங்க போச்சு? அந்தம்மா மாத்திச்சா, நீ வித்தியா? ரெண்டுல ஒண்ணுதான. சாயந்திரத்துக்குள்ள அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா செட்டு சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

செட்டு என்றால் கடையின் பின்பக்கம் இருந்த தகரக் கொட்டகை. மில் வேலை போன பிறகு கொளஞ்சிக்கு வீடும் அதுதான், விலாசமும் அதுதான். மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போன சம்சாரம் பேரப்பிள்ளைக்கு மூன்று வயசாகியும் திரும்பவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது, இங்கே தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மூலக்குளம் பக்கம் போனார். நிர்மலா டீச்சர் வீட்டு மாடி கட்டி முடிந்து வெள்ளையடித்துப் புதுசாக நின்றது. சாரம் முட்டியிருந்த ஓட்டைகளைப் பூசி அடைத்த தடம்கூடத் தெரியவில்லை. பலராமன் மேஸ்திரி வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

டீச்சர் கூடத்தில் பாய் விரித்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். மாசிக் கடைசியில் மகள் தீபலட்சுமிக்குக் கல்யாணம்.

"வாங்க. வாடகைதான் முழுசாத் தீத்தாச்சே?"

"வாடகை இல்ல டீச்சர். கழி ரெண்டு மாறி வந்திருக்குது."

"அறுபது குடுத்தீங்க, அறுபது வந்துச்சு. நீங்களே எண்ணிக் கையெழுத்துப் போட்டீங்க."

"எண்ணிக்க சரிதான். ரெண்டு மட்டும் நம்ம கழி இல்ல."

"கழியில என்னங்க உங்க கழி, எங்க கழி? பேரா எழுதியிருக்கு?"

"பட்டை போட்டிருக்கும். நாங்க அடியில போடுவோம். இது நுனியில இருக்குது."

டீச்சரின் கை நின்றது. ஒரு நொடிதான். பிறகு அடுத்த பத்திரிகையை எடுத்தார்.

"முப்பது வருஷமாக் கணக்குப் பாடம் எடுக்கறவகிட்ட வந்து அடி எது, நுனி எதுன்னு பாடம் நடத்துறீங்க. நல்லா இருக்கு. ஒங்க கடையில யாரோ மாத்தி வெச்சிருப்பாங்க. கெளம்புங்க, எனக்கு வேலை கெடக்கு."

கொளஞ்சி கிளம்பவில்லை. அவரை யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. வாசப்படியில் நின்றபடியே சொன்னார்:

"நான் வித்துட்டேன்னு சொல்றாரு டீச்சர். சாயந்திரம் செட்டு சாவியக் கேக்குறாரு. நான் படுக்கறது அங்கதான். வேற எடம் கெடையாது. ஒங்க மேல பழி போட வரல. என்னா நடந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்த தீபலட்சுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிடும்மா," என்றாள்.

"நீ உள்ள போ."

அவள் போன பிறகு டீச்சர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது.

"இங்க இராமதாஸ்னு ஒரு வாட்ச்மேன் இருந்தாரே, பாத்திருப்பீங்க. நீங்க கழி எறக்க வந்தப்ப பலகையெல்லாம் அவருதான் தூக்கிக் குடுத்தாரு."

பார்த்திருக்கிறார். நல்ல உயரம், எழுபது வயசிருக்கும், பேசவே மாட்டார்.

"மாட்டுப்பொங்கல் அன்னைக்குக் காலையில எழுந்திரிக்கல. டீத்தண்ணி குடுக்க மாடிக்குப் போனேன், அப்படியே படுத்திருக்காரு. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பாத்து எழுதிக் குடுத்தாரு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும்னா எந்த ஊருன்னே தெரியல. அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கான்னு எப்பவோ சொன்னதோட சரி. மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தோம். வண்டி கேட்டா, பண்டிகை, ஆள் இல்லைன்னுட்டாங்க. மூங்கில் கடை சாத்திக் கெடக்கு. பலராமன்தான் சொன்னாரு, நிக்கிற சாரத்துலேர்ந்து ரெண்ட அவுத்துடலாம்னு. அறுத்துத்தான் கட்டினாங்க."

"பாடைக்கா," என்றார் கொளஞ்சி.

"ஆமா."

அதற்குப் போன கழி திரும்பாது. அறுக்காமல் கொண்டுபோயிருந்தாலும் திரும்பாது. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. பாடைக்குக் கழி போன சாரத்தில் மிச்சம் இருந்த கழியைக்கூட, விஷயம் தெரிந்தால் எந்த வீட்டுக்காரரும் வாசலில் இறக்கவிடமாட்டார்.

"அப்புறம் பலராமன் தோப்புலேர்ந்து ரெண்டு வாங்கியாந்து பட்டை அடிச்சு வெச்சிட்டாரு. நான்தான் யாருக்கும் சொல்லவேணாம்னு சொன்னேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க அதெல்லாம் ரொம்பப் பாக்கறவங்க. கட்டி முடியாத மாடியில ஒரு சாவுன்னா..." டீச்சர் கையிலிருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அதோட முடியலங்க. தூக்க மூணு பேருதான் வந்தாங்க. பலராமன், அவரு மச்சான், தேய்ப்புக் கடை காத்தவராயன். தெருவுல ஒரு வூடு உடாம தட்டினேன். நல்ல நாளும் அதுவுமா தீட்டான்னு யாரும் வரல. பொழுது எறங்கிப்போச்சு. கால் மாட்டுல ஒரு பக்கம் நான் குடுத்தேன்."

"தோளா?"

"தோள்தான்."

பொம்பளை பாடை தூக்கி அவர் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒல்லியான தோளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மாட்டுப்பொங்கல் அன்றைக்குக் கடையில் கொளஞ்சி ஒருவர்தான். ரோட்டில் பஸ்கூடச் சரியாக ஓடவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அவிழ்த்த கயிற்றையே திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டு, மத்தியானம் ஒரு தரம், மூணு மணிக்கு ஒரு தரம் படுத்து எழுந்தார். அதே நேரத்தில், சைக்கிளில் பத்து நிமிஷ தூரத்தில், டீச்சர் ஒரு தோளுக்குக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்.

"ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே டீச்சர்."

"சீட்டுல நம்பர் இருந்துச்சு. கையில எடுக்கவும் எடுத்தேன். ஆனா ஒங்க கழியத்தான அறுத்துப் போட்டிருக்கோம். எந்த மொகத்த வெச்சிக்கிட்டுக் கூப்புடறது?"

டீச்சர் எழுந்துபோய் ஒரு கோடு போட்ட தாளை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தார். தேதி, விலாசம், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் எழுதி, 'இதில் திரு. கொளஞ்சி அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டும்போது விரல் மஞ்சள் அதில் ஒட்டிக்கொண்டது.

"குடுத்துடுங்க. என் பொண்ணு கல்யாணத்துக்காக நீங்க தெருவுல நிக்கக்கூடாது."

கொளஞ்சி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். சாமிக்கண்ணுவை அவருக்குத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. காலையில் காதில் விழுந்தது மத்தியானம் டீக்கடையில் இருக்கும், ராத்திரிக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடும்.

கடைக்கு வந்தபோது முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொல்லுச்சு அந்தம்மா? எழுதிக் குடுத்துச்சா?"

"அவங்க ஒண்ணும் மாத்தல மொதலாளி. நான்தான் எடுத்தேன்."

"என்னாது?"

"பொங்கலப்ப கடையில தனியா இருந்தேன்ல. இந்தாண்டப் பக்கம் ஒரு பெரியவர் செத்துட்டாரு. யாருமில்லாத ஆளு. மூங்கில் கடை சாத்திட்டாங்க. ரெண்டு கழிய நான்தான் அறுத்துக் குடுத்தேன். அப்புறம் ரெண்டு வாங்கியாந்து, டீச்சர் வூட்டு லோடு வந்தப்ப அதுல கலந்து உட்டுட்டேன்."

"நீயா பட்டை அடிச்ச? நுனியிலயா?"

"அவசரத்துல மாத்தி அடிச்சிட்டேன்."

"பத்து வருஷத்துல மாத்தாதவன் அன்னைக்கு மாத்திட்ட."

"அன்னைக்கு மனசு ஒரு நெலையில இல்ல மொதலாளி."

சாமிக்கண்ணு திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மெதுவாகக் கேட்டார்:

"தூக்க ஆள் கெடச்சுதா?"

"மூணு பேரு இருந்தாங்க. நாலாவதா நான் நின்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்பதே நினைவுக்கு வந்தது. ஒரு கணம், தோள்மேல் கழியின் கனத்தோடு அந்தத் தெருவில் அவரும் நடந்ததுபோலத்தான் இருந்தது.

"நல்ல காரியந்தான்," என்றார் சாமிக்கண்ணு. "அதுக்காகக் கேக்காம எடுத்தது சரியாயிடுமா? பச்சக் கழிய லோடுல கலந்தது? ஒருத்தன் விழுந்து செத்திருந்தா அவனுக்கும் சேத்துக் கழி அறுத்துக் குடுத்திருப்பியா? செட்டுல இருந்துக்கோ. சீட்டு எழுதறது, சாமான் ஒப்புக்கறதெல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன். நீ தொடவேணாம்."

பத்து வருஷத்தில் சாமான் விஷயத்தில் கொளஞ்சியை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டு, லாரியில் மிச்சக் கழிகளை ஏற்றப் போனார்.

மறுநாள் வேலை முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போய், அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார்.

"இது தேவைப்படல டீச்சர். கிழிச்சிடுங்க."

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"சொன்னேன், ஒத்துக்கிட்டாரு. செட்டுல இருந்துக்கோன்னுட்டாரு."

டீச்சர் தாளை வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் பத்திரிகைக் கட்டோடு வந்தார்.

"கல்யாணத்துக்கு அவசியம் வரணும். முந்தின நாளே வந்துடுங்க, கூடமாட ஒரு ஆம்பளை இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும்." ஒன்றை உருவி, கவர்மேல் பேனாவை வைத்தார். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, முத்து முத்தாக விழுந்தது: திரு. கொளஞ்சி. பேனா அங்கே நின்றது.

"மற்றும் குடும்பத்தார்னு போட்டுடறேன். வூட்ல எத்தன பேரு?"

கொளஞ்சி சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, காற்றில் ஒரு பக்கம் படபடத்த அந்தக் கவரைப் பார்த்தார்.

"எம்பேரு மட்டும் போதும் டீச்சர்," என்றார்.