கட்ட மறந்த சிவப்புத் துணி

சாத்தானைக் கட்டுவதில் அந்த லிஃப்ட் மெக்கானிக்கை மிஞ்ச சபையில் ஆளில்லை. பஸ் தவறினால் சாத்தான், பால் திரிந்தால் சாத்தான், பாட்டு நடுவே மைக் கூவினால் அதைவிடப் பெரிய சாத்தான். எல்லாவற்றையும் உரத்த குரலில் ஜெபித்துக் கட்டிப் போட்டுவிடுவார். இத்தனை தடவை கட்டப்பட்டவன் மறுநாளே எப்படி அவிழ்த்துக்கொண்டு வருகிறான் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. வேலையிடத்தில் அவருக்குப் பேயோட்டி என்று பெயர். கிண்டல்தான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. பழுது பார்க்கும்போது அந்தக் காவலை ஒரு துண்டு ஒயரால் ஏமாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். மறக்காமலிருக்க அதில் நீளமாக ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, சுவிட்சுப் பெட்டிக்கு வெளியே தொங்க விடுவார்கள்.

அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேயோட்டி ஒயரை மாட்டியிருந்த நேரம், போன் வந்தது. சபைக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் ஏதோ உறுமுகிறதாம். போட்டது போட்டபடி பெட்டியை மூடிவிட்டு ஓடினார். தொண்டை வறள அதட்டியும் அடங்காத உறுமல், வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும் அடங்கிற்று. வெற்றி வெற்றிதான் என்று சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் அதே லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அதற்கும் மறுநாள் லிஃப்ட் கதவு திறந்தபடியே மேலே நகர்ந்தது. மூட்டையோடு உள்ளே காலெடுத்து வைத்த சலவைக்காரர் விழுந்து கால் முறிந்தது. பெட்டிக்குள் ஒயர் இருந்தது. சிவப்புத் துணி இல்லை.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க, இருவரும் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர் அதிகம் சிரமப்படவில்லை. கடைசியாகப் போனவன் மச்சினன். குடிப்பவன், ஜெபக்கூட்டத்தின் நிழலில்கூட ஒதுங்காதவன். ஒயர் மாட்டியதாக அவனுக்கு நினைவில்லை. மாட்டவில்லை என்று அடித்துச் சொல்லவும் தெம்பில்லை, முந்தைய ராத்திரி அப்படி. மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

ஸ்டோர் ரூமில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த பேயோட்டியிடம் அப்போதுதான் சாத்தான் வந்தான். கொம்பில்லை, வாலில்லை, கந்தக வாடையில்லை. அவருடைய சொந்தக் குரலிலேயே, சபை மூப்பரின் நயத்தோடு பேசினான். பொய் சொல்லச் சொல்லவில்லையே, சும்மா இருந்தால் போதாதா? குடிகாரனுக்கு வேலை போனால்தான் புத்தி வரும், ஒருவேளை ஆண்டவரிடமே வருவான். ஊழியக்காரன் பேர் கெட்டால் ஆண்டவர் பேரும் அல்லவா கெடும்? பொருத்தமாக வசனங்களையும் எடுத்து வைத்தான். இத்தனை காலம் பேயோட்டி அவனை மைக்கிலும் மோட்டாரிலும் தேடிக்கொண்டிருந்ததில் அவனுக்கு நல்ல ஓய்வு. குரல் தெம்பாக இருந்தது.

பேயோட்டிக்கு மனசு லேசாயிற்று. இந்தச் சமாதானத்துக்காக நன்றி சொல்லலாமென்று பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தார். சாத்தானை எதிர்த்து நிற்பதைப் பற்றி அவர் போன ஞாயிற்றுக்கிழமை முழங்கிய பக்கத்தில் அது தானாகத் திறந்துகொண்டது. பக்க அடையாளமாக அவரே வைத்திருந்த சிவப்புத் துணி மடியில் நழுவி விழுந்தது.

கட்டுகிறேன் என்று வாயெடுத்தார். யாரைக் கட்டுவது? பேசியது அவர் தொண்டை. கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே முழங்கால் போட்டார். சபையில் இதைப் பார்த்திருந்தால் ஜெபம் என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"ஆண்டவரே, பயமா இருக்கு. என் கையை விட்டுடாதீங்க."

சாத்தான் அலறிக்கொண்டு ஓடவில்லை. வராந்தா நெடுக நியாயம் பேசிக்கொண்டே கூட வந்தான். போதகரைக் கலந்துகொண்டு நாளைக்குச் சொல்லலாமே என்றான். பேயோட்டி மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்.

உள்ளே மச்சினன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். பேயோட்டி துணியை மேசைமேல் வைத்தார்.

"ஒயர் என்னோடது சார். இதைக் கட்டாம விட்டதும் நான்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

மேனேஜர் துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கருவிப்பையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அத்தானும் மச்சினனும் நேரே சலவைக்காரர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் மேல்மாடியில் இருந்தார். லிஃப்ட் காலியாக நின்றது. பேயோட்டி படியேறினார். மச்சினன் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தான்.

"அத்தான், எப்பவும் போல பிசாசு பண்ணின வேலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அப்படிச் சொல்லச் சொல்லித்தான் மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் கூட வந்தான் மாப்ளே."