பித்தளைக் கேஜ்

ஸக்கரியா முதலாளிக்கு எதுவும் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும். மாத்தளையில் அவர் நடத்திய ஐஸ் பெக்டரியில், குளிரூட்டும் அமோனியா வாயுவின் அமுக்கத்தைக் காட்டும் கேஜ் பழுதானபோது மெக்கானிக் ஒஸ்வல்ட் தலைபாடாக அடித்துக்கொண்டான்.

"அமோனியாவுக்குன்னு கேட்டு, உள்ளுக்கும் இரும்பா உள்ளத வாங்குங்க மொதலாளி. பித்தளைய அமோனியா தின்னுடும்."

கொழும்புக் கடையில் அந்த இரும்புக் கேஜ் கரிச்சட்டி மாதிரி இருந்தது. பக்கத்தில் கொதிகலனுக்கான பித்தளைக் கேஜ் பளபளத்தது. மகள் றமீஸாவைப் பேச அடுத்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெக்டரியைப் பார்க்காமலா போவார்கள்? வீட்டில் மனைவி நூருன்னிஸா பித்தளைப் படிக்கத்தையும் தட்டுகளையும் புளி போட்டுத் துலக்கத் தொடங்கிவிட்டாள். எந்தக் கேஜும் அமுக்கத்தைத்தானே காட்டும் என்று முதலாளி பித்தளையையே வாங்கி வந்தார்.

ஒஸ்வல்ட் முகம் சுளித்தான்.

"சொன்னதப் பூட்டு," என்றார். பூட்டினான்.

மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமத் யட்டவத்தையிலிருந்து குடும்பத்தோடு வந்தார். பெக்டரிக்குள் எல்லோருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கேஜ் வெடித்து அமோனியா சீறியது. கண்ணும் மூக்கும் எரிய முற்றத்துக்கு ஓடினார்கள். ஸமத்தின் தொப்பி மண்ணில் விழுந்தது. ஒஸ்வல்ட் மட்டும் நனைந்த சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு வால்வை மூட உள்ளே போனான்.

"கேஜ் பூட்டின புதுசுன்னீங்களே. யாரு வாங்கினது?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டார் ஸமத்.

"மெக்கானிக்தான். நான் நம்பி விட்டுட்டேன்."

"இவ்வளவு நடந்தும் அவன ஒரு வார்த்த ஏசல்லியே. இப்படி ஒரு வாப்பா வளத்த புள்ளதான் எங்க வீட்டுக்கு வேணும்."

ஸக்கரியா எதற்காக ஏங்கினாரோ அது கிடைத்துவிட்டது. ஆனால் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒஸ்வல்ட் இருமிக்கொண்டே வெளியே வந்தான். கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. கையில் அந்தக் கேஜ்.

"இத என்ன செய்யிறது, மொதலாளி?"

அவன் ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் ஸக்கரியா கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம்.

"என்கிட்ட குடு," என்றார் ஸக்கரியா. அதை வாங்கிக்கொண்டு ஸமத்தின் பக்கம் திரும்பினார். "நான் வாங்கினது. இவன் வேணாம்னான். இப்ப நான் சொன்னது பொய்."

அப்துல் ஸமத் தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினார். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒஸ்வல்டிடம் போனார்.

"கண்ணுக்குத் தண்ணி அடிங்க தம்பி," என்றார்.

ஸக்கரியாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.