புள்ளி விழுந்த செடி

என் ஓரகத்தி தங்கலட்சுமியோடு நான் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிறது. அதற்காக நாங்கள் பேசாமல் இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் என் வெள்ளாடு கருப்பியிடம் பேசுவேன். அவள் தன் கிடேரிக் கன்றிடம் பேசுவாள். யார் யாரை ஏசுகிறார்கள் என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. “காலேசுக்குப் போயி இலையை எண்ணிட்டு வந்தவுகளுக்கு எரு அள்ளத் தெரியுமா?” என்று அவள் கிடேரியின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டால், அருப்புக்கோட்டையில் தாவரவியல் படித்த சத்யபிரியாவாகிய என்னைத்தான் கேட்கிறாள் என்று கருப்பிக்கே தெரியும்.

எதற்குச் சண்டை என்று கேட்டால் அவள் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். நான் சொல்வதுதான் உண்மை. பாகம் பிரித்தபோது என் வீட்டுக்காரர் அழகுராஜாவுக்குப் பள்ளத்துக் கரிசலும், அவருடைய அண்ணனும் தங்கலட்சுமியின் புருஷனுமான வீரபாண்டிக்கு மேட்டுக் கரிசலும் வந்தன. நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு உழவு முடிந்ததும் அந்த வரப்பு எங்கள் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து வந்தது. வரப்புக்குக் கால் முளைத்த அதிசயத்தை நான் நாலு பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். அன்றோடு பேச்சு முடிந்தது.

மிளகாய் விதையை எங்கள் ஊரில் அவரவர் செடியிலிருந்தே எடுத்துக்கொள்வோம். காய் பிடித்ததும் பிடித்த செடியாகப் பார்த்துப் பழந்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டால் அது விதைச்செடி. கட்டியவள் தவிர வேறு யார் கையும் அதன்மேல் படக் கூடாது. ஜென்மப் பகையாளிகூடத் தொட மாட்டான். இன்னொரு வழக்கமும் உண்டு. விதை கேட்டு மடியேந்தி வாசலில் வந்து நின்றவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால், கொடுக்காதவள் காட்டில்தான் முதலில் முளைப்புக் கெடும் என்பார்கள். அதனாலேயே பகையாளி வீட்டில் யாரும் போய் விதை கேட்பதில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்களே, அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வருடம் கார்த்திகை அடைமழையில் இலைப்புள்ளி நோய் வந்து எங்கள் ஊர் மிளகாயை மொட்டையடித்துவிட்டுப் போனது. என் புஞ்சையில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அழகான செடி என்று சொல்ல மாட்டேன். இலை முழுக்கக் குண்டூசித் தலை அளவுக்குக் காய்ந்த புள்ளிகள், அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி. ஆனால் ஓர் இலையும் உதிரவில்லை. சுற்றி நின்ற பளபளப்பான செடிகள் எல்லாம் வெறும் குச்சியாகிவிட, இது மட்டும் காய்த்தது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட ஒன்று என் காட்டிலேயே நிற்கிறது! கிருமி இலைக்குள் நுழைந்ததும் சில செடிகள் அதை அடையாளம் கண்டுகொள்ளும். உடனே, அது நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தன்னுடைய உயிரணுக்களைத் தானே சாகடித்துவிடும். இந்தக் கிருமி பெருக உயிருள்ள இலை வேண்டும்; செத்த வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால் அங்கேயே பட்டினிதான். மற்ற இலைகளுக்கும் சேதி போய் அவையும் உஷாராகிவிடும். நம் கண்ணுக்குப் படுகிற அந்தக் காய்ந்த புள்ளி, நோயைப் புதைத்த குழி. எதிர்க்கத் தெரியாத செடிதான், கிருமி உள்ளே குடியேறிக் குட்டி போட்டுப் பெருகுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாமல் தளதளவென்று நிற்கும். இங்கே எல்லோரும் தளதளப்பைப் பார்த்துத் துணி கட்டுகிறார்கள். அப்புறம் நோயைத் திட்டுகிறார்கள்.

அந்தத் தழும்புக்காரிக்குத் துணி கட்டி விதை எடுத்தேன். கொஞ்சம்தான் தேறியது. எல்லாவற்றையும் நாற்றுவிட்டு, வரப்பை ஒட்டி நாலு சால் வரிசையாக நட்டேன். மற்ற இடமெல்லாம் வழக்கமான நாற்று. தேறாது என்று நான் கழித்துப் போட்ட தழும்புக்காரி நாற்று ஒரு பிடி, வாடிப்போய் வரப்பில் கிடந்தது. மறுநாள் அதைக் காணோம். அந்தப் பக்கம் தங்கலட்சுமியின் காட்டில், பட்டுப்போன செடிகள் இருந்த இடத்தில் புது நாற்றுகள். பெரும்பாலும் கருகிவிட்டன, ஒன்று வேர் பிடித்தது.

“ஏ கருப்பி, அடுத்தவ நாத்தைத் திருடித் தின்னு வயித்தை வளக்காத” என்றேன்.

“குப்பையில கெடந்ததை எடுத்தா அதுக்குப் பேரு திருட்டாமா?” என்று அவள் கிடேரியைக் கேட்டாள்.

கார்த்திகை வந்தது, மழையும் வந்தது. எதிர்பார்த்த மாதிரியே என் நாலு சாலிலும் முதலில் புள்ளி விழுந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்த இடமெல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தது. நான் பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக்கொண்டு போய், புள்ளிகளைச் சுற்றி இலையிலேயே சின்னச் சின்ன வட்டம் போட்டேன். புள்ளி வளர்ந்து வட்டத்தைத் தாண்டினால் அது சீக்கு. தாண்டாமல் நின்றால் செடி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூடத் தாண்டவில்லை.

பார்த்தது நான் மட்டும் இல்லை. “இலையில சக்கரம் போட்டு வைக்கிறா, தினம் வந்து மொணமொணன்னு ஓதுறா” என்று வீரபாண்டி டீக்கடையில் சொன்னதாக என் காதுக்கு வந்தது. நான் செய்வினை செய்கிறேனாம். என் காட்டு நோய் அவர் காட்டுக்குப் போகட்டும் என்று ஏவி விடுகிறேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் வாயை உலைமூடி கொண்டு மூட முடியாது என்றாலும், வரப்போரம் போய் நின்று அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிற மாதிரி விளக்கம் சொன்னேன்.

“ஏ கருப்பி, காது இருக்கா உனக்கு? புள்ளி வட்டத்தைத் தாண்டலைன்னா, செடி நோயைக் கட்டிப்போட்டுருச்சுன்னு அர்த்தம். மினுமினுன்னு நிக்கிறதை நம்பாத, அதுதான் முதல்ல சாயும். மண்டையில மசாலா இருந்தா உங்காட்டுலயும் வட்டம் போட்டுப் பாரு. எங்க, உனக்குத்தான் உன் புருசன் சொல்றதைத் தவிர வேற ஒண்ணும் ஏறாதே!”

இப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வாய் அப்படித்தான் வரும். கிடேரிக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த தங்கலட்சுமி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாள் கழித்துத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினேன். இறங்கும்போதே எங்கள் காட்டுப் பக்கம் புகை தெரிந்தது. ஓடினேன். காய் பிடிக்காததால் நான் இன்னும் துணி கட்டியிராத என் நாலு சாலும் வேரோடு பிடுங்கப்பட்டு வரப்பில் குவிந்து கிடந்தன. கீழே கருவேல முள்ளைப் போட்டு வீரபாண்டி கொளுத்தியிருந்தார். பச்சைச் செடி எரியாமல் சீறியது. நெடி தாங்காமல் அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சீக்கும் போச்சு, சூனியமும் போச்சு” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சொன்னார். தங்கலட்சுமி கொஞ்சம் தள்ளிக் கிடேரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவரை நேராக ஏசியிருக்க வேண்டும். அன்றைக்கும், காலையில் காட்டில் கட்டிவிட்டுப் போயிருந்த ஆட்டைப் பார்த்துத்தான் கத்தினேன். “நாசமாப் போற கருப்பி, நீ வெளங்குவியா? காப்பாத்த வந்ததைக் கொளுத்திட்டியே, உங்காடு கட்டாந்தரையாப் போகாதா?” தொண்டை கிழியக் கத்தினேன். கருப்பி மிரண்டு என் முந்தானைக்குள் ஒண்டியது. நெருப்பை மிதித்து ஒரு செடியையாவது இழுக்கப் பார்த்தேன். வெந்த தண்டுதான் கையில் வந்தது. அழுதேன். ஆத்திரத்தில் வருகிற அழுகை இருக்கிறதே, அது மாதிரி கேவலம் வேறு இல்லை.

அழகுராஜா அப்போது லாரியோடு பந்தல்குடியில் நின்றார். போன் போட்டேன். “லோடு எறக்கிட்டு வாரேன், வந்து பேசிக்கிறலாம்” என்றார். அண்ணனிடம் அவர் பேசிய அழகை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டேன்.

மார்கழி பாதியில் மேட்டுக் கரிசலின் பச்சை வெளுக்க ஆரம்பித்தது. இலைகளில் எண்ணெய் சிந்தியது போல ஈரத் திட்டுகள், சுற்றிலும் மஞ்சள். திட்டுக்கு எல்லை என்று ஒன்று இல்லை, பரவிக்கொண்டே போனது. காலையில் வந்து பார்த்தால் செடிக்கடியில் இலை கொட்டிக் கிடந்தது. வீரபாண்டி மருந்து அடித்தார், மறுபடி அடித்தார். என் காட்டில் மீதி இருந்த வழக்கமான செடிகளும் அதே கதிதான். அவர்கள் காடு மொட்டையானதில் எனக்குச் சந்தோஷமா என்றால், ஆமாம், சந்தோஷம்தான். என் காடும் மொட்டையாகிவிட்டதால் முழுதாகக் கொண்டாட முடியவில்லை, அவ்வளவுதான்.

பொங்கல் கழிந்த ஒரு காலை. தங்கலட்சுமி தன் காட்டில் செத்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை நிமிராமல் வரிசை வரிசையாக வந்தாள். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. வரப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, குச்சிகளுக்கு நடுவில் ஒரு செடி இலையோடு நின்றது. இலை முழுக்கத் தழும்பு. அடியில் நாலைந்து குண்டுக் காய். என் வரப்பிலிருந்து அவள் எடுத்துப்போன நாற்று! எனக்கு இருந்த விதை எல்லாம் புகையாகிப்போக, உலகத்திலேயே மிச்சம் அது ஒன்றுதான். அவள் கை அதற்கு நாலு செடி தள்ளி வந்துவிட்டது.

வரப்பைத் தாண்டினேன். கருப்பியும் பின்னாலேயே குதித்து வந்தது. வருடக்கணக்காகச் சொல்லாத ஒரு சொல்லைத் துப்பிவிட்டேன்.

“அக்கா! அதைப் பிடுங்காதீக.”

அவள் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆட்டைப் பார்த்தாள். “யார்கிட்டப் பேசுற? ஆட்டுக்கிட்டயா?”

“உங்ககிட்டத்தான்.”

“எங்காட்டுல எதைப் பிடுங்குறது, எதை விடுறதுன்னு உன்னைக் கேக்கணுமா?”

“என்னை எம்புட்டு வேணும்னாலும் ஏசுங்க. உங்க வீட்டுக்காரவுக கொளுத்துனது போக இது ஒண்ணுதான் கெடக்கு. இதுவும் போச்சுன்னா அடுத்த வருசம் உங்களுக்கும் கெடையாது, எனக்கும் கெடையாது.”

அவள் நேராக அந்தச் செடிக்குப் போய்க் குனிந்து தண்டில் கை வைத்தாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறினாள். உதறிய வேகத்தில் ஓர் இலை திரும்பியது.

இலையில் வட்டம் இருந்தது. கண்மையால் போட்ட வட்டம். அடுத்த இலையிலும் ஒன்று, அதற்கு மேலேயும் ஒன்று. சிலது பனியில் கரைந்து மங்கி, அதன்மேல் திரும்பவும் மை இழுத்திருந்தது. புள்ளிகள் எல்லாம் உள்ளேயே அடங்கிக் கிடந்தன. ஒன்றும் தாண்டவில்லை.

“இதை யாரு போட்டது?” என்றேன்.

“கிடேரி போட்டுச்சு” என்றாள்.

சொல்லிக்கொண்டே சேலைக் கரையைப் பல்லால் கடித்து ஒரு கீற்றுக் கிழித்தாள். உடுத்தியிருந்த நல்ல சேலை. தண்டைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள்.

“துணி கட்டியாச்சு. இனிமே உன் கை இதுமேல படக் கூடாது.”

“அது என் நாத்து!”

“குப்பையில கெடந்தது. வெதை வேணும்னா பங்குனியில என் வாசலுக்கு வா. மடியேந்தி நில்லு. ஊரு பாக்கணும்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு இருந்தாலும் மூச்சு நேராக வந்தது. செடி பிழைத்துவிட்டது. இனி வீரபாண்டி என்ன, அந்த எமன் வந்தாலும் துணி கட்டியதைத் தொட மாட்டான். பங்குனியில் நான் போவேன். ஊரே வேடிக்கை பார்க்க அவள் வாசலில் மடியேந்தி நிற்பேன். என் மடியில் அவள் விதையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். போடும்போது அவளுக்கும் கொஞ்சமாவது வயிறு எரியாமலா போகும்?

திரும்பினேன். கருப்பி கழுத்தை நீட்டி அந்தச் செடியின் நுனி இலையை மோந்துகொண்டிருந்தது. காதைப் பிடித்து இழுத்தேன்.

“ஏ கருப்பி, இதுல மட்டும் வாயை வச்சே, தோலை உரிச்சுருவேன்.”

தங்கலட்சுமி சட்டென்று திரும்பி முறைத்தாள். இத்தனை வருடத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் நான் அந்த ஆட்டிடம் சொன்னதை ஆட்டுக்கே சொன்னேன்.